சதுரங்கமா, கோ ஆட்டமா, பேக்கேமனா? மடிப்பிலிருந்து தொடங்குவோம்

மடித்து வைக்கக்கூடிய மூன்று பலகைகளை மேசையில் விரித்துப் பாருங்கள். சதுரங்கப் பலகையில் மடிப்பு நான்காவது வரிசைக்கும் ஐந்தாவது வரிசைக்கும் நடுவில் விழுகிறது. எட்டு இரட்டைப்படை எண், காய்களும் கட்டத்துக்குள் நிற்பவை. அதனால் மடிப்பு யாருக்கும் இடைஞ்சல் இல்லை. கறுப்பு வெள்ளைக் கற்களை வைத்து ஆடும் 'கோ' என்ற ஆட்டத்தின் பலகையில் குறுக்கும் நெடுக்கும் 19 கோடுகள். அங்கே கற்கள் கட்டத்துக்குள் உட்காருவதில்லை, கோடுகள் வெட்டிக்கொள்ளும் சந்திகளில் உட்காருகின்றன. 19 கோடுகளுக்கு நடுக்கோடு பத்தாவது. மடிப்பு சரியாக அதன் மேலேயே விழுவதால் அந்தக் கோட்டில் வைக்கும் கல் பள்ளத்தில் ஆடிக்கொண்டே இருக்கும். பகடை உருட்டி ஆடும் பேக்கேமன் பலகையிலோ மடிப்பே ஆட்டத்தில் ஓர் உறுப்பு. நடுவில் கீல் இருக்கும் அந்தக் கட்டைதான் வெட்டுப்பட்ட காய்கள் காத்துக்கிடக்கும் இடம்.

இரண்டு பேர் ஆடுவதற்கு ஒரே ஒரு பலகை வாங்கப்போகிறோம், எதை வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் விதிகளிலிருந்து பதில் சொல்வதில்லை. விதிகளை ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொள்ளலாம். கை தொடும் பரப்பு, விரல் எடுக்கும் காய், ஆடும்போது வாயில் வரும் சொல், இந்த மூன்றும்தான் வருடக்கணக்கில் கூட வரப்போகின்றன. மூன்று ஆட்டங்களையும் நான் ஆடுகிறேன், மூன்றின் மேலும் பிரியம் உண்டு. ஆனால் மூன்றும் எல்லா ஜோடிக்கும் பொருந்திப் போவதை நான் பார்த்ததில்லை.

காய்களுக்குப் பெயர் உள்ள ஆட்டம்

சதுரங்கத்தில் 64 கட்டங்கள், ஆளுக்கு 16 காய்கள், ஆறு வகை. ஒவ்வொரு வகைக்கும் தனி உருவம், தனி நடை, தனிப் பெயர். குழந்தைகள் இதில் சட்டென்று ஒட்டிக்கொள்வதற்குப் பெரிய காரணம் இந்தப் பெயர்கள்தான். குதிரை தாண்டும், யானை நேராகப் போகும், சிப்பாய் பின்வாங்க மாட்டான். கதை போலவே மனதில் நிற்கும்.

ஆனால் தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'மந்திரியை நகர்த்து' என்றால் சிலர் ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்கும் பெரிய காயைத் தொடுவார்கள், சிலர் குறுக்காகப் போகும் பிஷப்பைத் தொடுவார்கள். இரண்டு பேர் மேலும் தப்பில்லை. இன்று ராணி என்று நாம் சொல்லும் காய் பாரசீகத்தில் ஃபர்ஸீன், அதாவது ஆலோசகர். அந்தக் காலத்தில் அது குறுக்காக ஒரே ஒரு கட்டம்தான் போகும். 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில்தான் அதற்கு இன்றைய வேகம் கிடைத்தது. இன்றைய பிஷப் அரபியில் அல்ஃபீல், யானை. மூலையில் நிற்பது பாரசீகத்தில் ருக், தேர். நம் பேச்சில் யானை மூலைக்குப் போய்விட்டது. ஆகவே புதிதாக ஒருவரோடு ஆட உட்காரும்போது, முதல் நகர்த்தலுக்கு முன்பே எந்தக் காயை என்னவென்று கூப்பிடப்போகிறோம் என்று பேசிக்கொள்வது நல்லது. விளிம்பில் எழுத்தும் எண்ணும் அச்சிட்ட பலகையை வாங்கச் சொல்வதும் இதற்காகத்தான். கட்டத்துக்குப் பெயர் இருந்தால் காயின் பெயரில் சண்டை வராது.

காய்களின் வடிவத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஸ்டான்டன் வடிவம்தான் வேண்டும். 1849-இல் நதானியேல் குக் பதிவு செய்து, ஜாக்ஸ் நிறுவனம் தயாரித்து, ஹோவர்ட் ஸ்டான்டன் என்ற ஆட்டக்காரரின் பெயரோடு வெளிவந்த வடிவம் அது. உலகப் போட்டிகள் எல்லாவற்றிலும் இன்றைக்கும் அதுதான். போர்வீரர்கள், புராண உருவங்கள் என்று செதுக்கிய காய்கள் அலமாரியில் அழகாக இருக்கும். ஆட்டத்தில் பத்தாவது நகர்த்தலிலேயே எது பிஷப், எது சிப்பாய் என்று கண் தேட ஆரம்பித்துவிடும். தேடும் கண்ணால் யோசிக்க முடியாது.

அளவுக்குச் சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பு தரும் வழிகாட்டல் எளிமையானது. ராஜாவின் உயரம் சுமார் 9.5 சென்டிமீட்டர், கட்டத்தின் பக்கம் 5 முதல் 6 சென்டிமீட்டர். சரிபார்க்க அளவுகோல்கூட வேண்டாம். ஒரு கட்டத்துக்குள் நான்கு சிப்பாய்களை நெருக்கி வையுங்கள். சரியாக அடங்கினால் பலகையும் காய்களும் ஒன்றுக்கொன்று பொருத்தம். தனித்தனியாக வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

பலகை மரமாகவும் இருக்கலாம், சுருட்டி வைக்கும் வினைலாகவும் இருக்கலாம். வினைலை நான் குறைத்துப் பேச மாட்டேன். பளபளக்காது, தண்ணீர் பட்டாலும் கெடாது, ஒரு நிமிடத்தில் விரித்துவிடலாம். பழக அதுவே போதும். கண்ணாடிப் பலகையை மட்டும் வேண்டாம் என்பேன், அதில் விளக்கொளி பட்டுக் கண் கூசும். காய்களின் அடியில் எடை இருக்கிறதா என்று கையில் எடுத்துப் பாருங்கள். எடையில்லாத காய் சட்டைக் கை பட்டாலே சாயும். ஒன்று சாய்ந்து நான்கைத் தள்ளிவிட்டால் அந்த ஆட்டத்தை மறுபடி அடுக்கும்போது இரண்டு பேர் நினைவும் ஒத்துப்போகாது. காந்தப் பலகை பயணத்துக்கு மட்டும். பார்வை இல்லாதவர்களுக்கென்று செய்த பலகைகளில் கறுப்புக் கட்டங்கள் சற்று மேடாக இருக்கும், காய்கள் துளைகளில் செருகி நிற்கும், கறுப்புக் காய்களின் தலையில் தனி அடையாளம் இருக்கும். விரலால் தடவி ஆட்டம் முழுவதையும் படித்துவிடலாம். பரப்பைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு யோசித்த பலகையைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைந்துபோகும்.

சதுரங்கச் சொற்கள் பெரும்பாலும் மிரட்டலைப் பற்றியவை. ஒரு குதிரை இரண்டு காய்களை ஒரே நேரத்தில் குறிவைப்பது ஃபோர்க். நகர்ந்தால் பின்னால் நிற்கும் ராஜா மாட்டிக்கொள்வான் என்பதால் ஒரு காய் அசைய முடியாத நிலைக்கு ஆங்கிலச் சொல் 'பின்' (pin). நகர்த்தினால் கெடுதல், நகர்த்தாமலும் இருக்க முடியாது என்ற நிலைக்கு ஜெர்மன் சொல் ஒன்று இருக்கிறது, சுக்ஸ்வாங். செக்மேட் என்பதே 'ஷா மாத்', ராஜா திக்கற்றுப்போனான் என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. ஒவ்வொரு நகர்த்தலிலும் 'எனக்கு இப்போது என்ன ஆபத்து' என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டிய ஆட்டம் இது. அந்தப் பதற்றம் சிலருக்கு உற்சாகம் தரும், சிலரைச் சோர வைக்கும்.

கற்களுக்கு மூச்சு உண்டு

கோ ஆட்டத்தில் காய்களுக்குப் பெயரே கிடையாது. கறுப்பு 181, வெள்ளை 180, அவ்வளவுதான். வைத்த கல் நகராது. நான்கு பக்கமும் சூழப்பட்டால் பலகையை விட்டு வெளியேறும். தமிழில் காய் நகர்த்துவது என்று சொல்லிப் பழகிய நமக்கு, நகராத காய் முதலில் விசித்திரமாகத் தோன்றும். இங்கே ஆடுவது என்றால் வைப்பது.

ஒரு கல்லைச் சுற்றிக் காலியாக இருக்கும் சந்திகளை ஆங்கிலத்தில் சுதந்திரம் என்ற பொருளில் சொல்வார்கள். சீனச் சொல் 'சீ', அதாவது மூச்சு. தமிழுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. நடுவில் உள்ள கல்லுக்கு நான்கு மூச்சு, ஓரத்தில் மூன்று, மூலையில் இரண்டு. கடைசி மூச்சை அடைத்தால் கல் செத்துவிடும். ஒரே ஒரு மூச்சு மிச்சமிருக்கும் நிலைக்கு ஜப்பானியச் சொல் அதாரி. 1972-இல் தொடங்கிய அதாரி என்ற வீடியோ கேம் நிறுவனம் தன் பெயரை எடுத்துக்கொண்டது இதிலிருந்துதான். ஒரு கூட்டம் சாகாமல் இருக்க அதற்குள் இரண்டு கண்கள் வேண்டும். கண் என்பது நாலாபுறமும் தன் கற்களே சூழ்ந்த காலியிடம். இரண்டு கண்ணையும் எதிராளி ஒரே நேரத்தில் அடைக்க முடியாது, அதனால் அந்தக் கூட்டம் உயிரோடு இருக்கும். மூச்சு, கண், உயிர், சாவு. மிரட்டலைவிட உயிர்வாழ்வைப் பற்றித்தான் இந்த ஆட்டம் அதிகம் பேசுகிறது.

இன்னொரு சொல்லை எழுதாமல் விட முடியாது. ஒரு கல்லை நான் பிடிக்க, அதே இடத்தில் நீங்கள் என்னைத் திருப்பிப் பிடிக்க, இது முடிவில்லாமல் போகாமல் தடுக்க ஒரு விதி உண்டு. உடனே திருப்பிப் பிடிக்கக் கூடாது, முதலில் வேறெங்காவது ஒரு கல் வைக்க வேண்டும். அந்த விதியின் பெயரும் தமிழ் எழுத்தில் 'கோ' என்றே வரும், ஆட்டத்தின் பெயரும் 'கோ'. ஜப்பானியத்தில் இரண்டும் வேறு வேறு சொற்கள். விதியைக் குறிக்கும் சொல், பௌத்தத்தோடு சீனத்துக்குப் போன கல்பம் என்ற வடசொல்லின் சுருக்கம். விதி இல்லாவிட்டால் அந்த ஒரு கல்லுக்காகக் கல்பகாலம் அடித்துக்கொள்ள வேண்டியதுதான், பொருள் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது. அதனால் நான் கற்றுக்கொடுக்கும்போது விதியைக் கல்பம் என்றே சொல்கிறேன். ஒருமுறை சொன்னால் யாரும் மறப்பதில்லை.

பலகையின் பரப்பில் கோடுகளுக்கும் குணம் உண்டு. ஓரத்திலிருந்து மூன்றாவது கோட்டில் வைக்கும் கற்கள் நிலத்தை, அதாவது தன் கற்களால் சூழ்ந்து புள்ளியாக எண்ணும் காலிச் சந்திகளை, பத்திரமாகப் பிடிக்கும். நான்காவது கோட்டில் வைப்பவை நடுப்பகுதியை நோக்கிச் செல்வாக்கைப் பரப்பும். ஐந்தாவது ரொம்ப உயரம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். 2016 மார்ச்சில் தென்கொரியாவின் முன்னணி ஆட்டக்காரர் லீ செடோலுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் ஆல்ஃபாகோ என்ற கணினி நிரல் தன் 37-ஆவது நகர்வை அந்த ஐந்தாவது கோட்டில் வைத்தது. பார்த்துக்கொண்டிருந்த தேர்ந்த ஆட்டக்காரர்களே தவறு என்றுதான் முதலில் நினைத்தார்கள். தொடரை நிரல் 4-1 என்று வென்றது. வெறும் கோடுதானே என்று நினைக்கும் ஒரு பரப்பில், ஒரு கோடு தள்ளி வைத்த கல் இவ்வளவு பேச வைத்தது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. முறையான கோ பலகை சதுரம் அல்ல, சுமார் 42 சென்டிமீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் நீளம். உட்கார்ந்து சாய்வாகப் பார்க்கும் கண்ணுக்கு அது சதுரமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நீளத்தைக் கூட்டியிருக்கிறார்கள். வெள்ளை கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றும் என்பதால் நல்ல கற்களில் கறுப்புக் கல்லை ஒரு மயிரிழை பெரிதாகச் செய்வதும் உண்டு. இந்த இரண்டு தகவலும் தெரிந்த பிறகுதான் இந்த ஆட்டத்தைச் செய்தவர்கள் மேல் எனக்கு மரியாதை பலமடங்கானது.

மடியும் பலகை வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம், காரணத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். இடம் இல்லாமல் மடியும் பலகைதான் வாங்க முடியும் என்றால், ஒரு பக்கம் தட்டையான கற்களை எடுங்கள், சீனாவில் யுன்ஸி என்ற பெயரில் செய்வது அந்த வகை. இரண்டு பக்கமும் புடைத்த கற்களைப் போல அவை மடிப்பில் உருளாது. கற்கள் ரொம்பச் சிறியவை, மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீட்டில் கிண்ணங்களை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். கிண்ணத்தின் மூடியைத் தொலைத்துவிடாதீர்கள், பிடித்த கற்களைப் போட்டுவைக்கும் இடம் அதுதான். ஜப்பானிய முறையில் மதிப்பெண் எண்ணும்போது அந்தக் கற்கள் தேவைப்படும்.

19 கோடுகளில் ஓர் ஆட்டம் 200 நகர்வுகளைத் தாண்டுவது சாதாரணம். அதில் தொடங்கிய பலர் இரண்டாம் முறை உட்காருவதில்லை. ஒரு பக்கம் 9 கோடுகளும் மறுபக்கம் 13 கோடுகளும் போட்ட பலகை கிடைக்கிறது. முதல் பலகை அதுவாக இருக்கட்டும். 9 கோட்டுப் பலகையில் 81 சந்திகள்தான், கால் மணி நேரத்தில் ஓர் ஆட்டம் முடிந்துவிடும், மூச்சும் கண்ணும் கல்பமும் எல்லாமே அதிலேயே வந்துவிடும்.

இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய வரம் கைக்கல். வலுக்குறைந்தவர் கறுப்பை எடுத்துக்கொண்டு இரண்டு முதல் ஒன்பது கற்கள் வரை முன்கூட்டியே வைத்துத் தொடங்கலாம். பெரிய பலகையில் அதற்கென்றே ஒன்பது புள்ளிகள் குறித்திருக்கும். சதுரங்கத்தில் நான் ராணியை எடுத்துவைத்துவிட்டு ஆடினால் அது வேறு ஆட்டமாகிவிடும், ஜெயித்தவருக்கும் முழுத் திருப்தி வராது. கோ ஆட்டத்தில் கைக்கல் கொடுத்தாலும் ஆட்டம் அதே ஆட்டம்தான். இருவரும் முழு மூச்சாக ஆடுவார்கள், முடிவு ஒன்றிரண்டு புள்ளியில் நிற்கும். மூன்று ஆட்டம் ஜெயித்தால் ஒரு கல் குறைத்துக்கொள்ளலாம். ஐந்து கல்லில் தொடங்கி இரண்டுக்கு வந்த ஒருவரின் முகத்தை எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்த மூன்று கற்கள்தான் அவர் கற்றதன் அளவு.

பகடை உருளும் பரப்பு

பேக்கேமன் பலகையில் 24 முக்கோணங்கள், ஆளுக்கு 15 காய்கள், ஆளுக்கு இரண்டு பகடை. காயெல்லாம் ஒரே மாதிரி வட்டத் தட்டு. தாயம் ஆடியவர்களுக்குப் பாதி ஆட்டம் ஏற்கெனவே தெரியும். தனியாக நிற்கும் காயை வெட்டலாம், இரண்டு சேர்ந்து நின்றால் வெட்ட முடியாது, எல்லாக் காயும் தன் வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொன்றாகப் பழம் எடுக்க வேண்டும். தனிக்காய்க்கு ஆங்கிலச் சொல் பிளாட். ஆறு முக்கோணங்களைத் தொடர்ந்து அடைத்து மதில் கட்டுவது பிரைம், எந்தப் பகடை விழுந்தாலும் அதைத் தாண்ட முடியாது. ஆறும் ஐந்தும் விழுந்தால் 'ஷேஷ் பேஷ்' என்று கூவுவார்கள். ஷேஷ் பாரசீக ஆறு, பேஷ் துருக்கிய ஐந்து. ஒரு கூச்சலில் இரண்டு மொழி.

அதிர்ஷ்ட ஆட்டம் என்று இதை ஒதுக்குபவர்களிடம் ஒரே ஒரு கணக்கைச் சொல்வேன். உங்கள் தனிக்காய் எதிராளியிலிருந்து ஆறு முக்கோணம் தள்ளி நின்றால், வழியில் தடையில்லாதபோது அவர் வெட்டுவதற்கான வாய்ப்பு 36-இல் 17. ஏழு தள்ளி நின்றால் 36-இல் 6. ஒரே ஒரு முக்கோணத்தில் ஆபத்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. பலகையில் விரற்கடை தூரம்தான். இதைத் தெரிந்து ஆடுபவரும் தெரியாமல் ஆடுபவரும் ஐந்து ஆட்டத்தில் சமமாகத் தெரிவார்கள், ஐம்பது ஆட்டத்தில் தெரிய மாட்டார்கள்.

2 முதல் 64 வரை எண்கள் பொறித்த இரட்டிப்புக் கட்டையும் பெட்டியில் இருக்க வேண்டும். 1920-களில் நியூயார்க்கில் இது ஆட்டத்துக்குள் வந்தது. உங்கள் கை ஓங்கியிருக்கும்போது பந்தயப் புள்ளியை இரட்டிப்பாக்கலாமா என்று கேட்கலாம். எதிராளி மறுத்தால் அப்போதே ஒரு புள்ளியோடு தோல்வி, ஏற்றால் இரண்டு புள்ளிக்கு ஆட்டம் தொடரும். ஜெயிக்க நான்கில் ஒரு வாய்ப்பு இருந்தால் ஏற்பது சரி என்பது அடிப்படைக் கணக்கு. பணமே வைக்காமல் வெறும் புள்ளிக்கு ஆடினாலும் இந்தக் கட்டை ஆட்டத்தைக் கூர்மையாக்கிவிடும். தோற்ற ஆட்டத்தை இழுத்துக்கொண்டு உட்கார வேண்டியதும் இல்லை.

பரப்பைப் பொறுத்தவரை மூன்றில் மிகவும் கவனிக்க வேண்டியது இதுதான். காய்கள் இங்கே தூக்கி வைக்கப்படுவதைவிட வழுக்கி நகர்த்தப்படுகின்றன, பகடையும் அதே பரப்பில்தான் உருள்கிறது. வெறும் மரத்தில் பகடை சத்தமிட்டுத் துள்ளி வெளியே ஓடும். தடித்த கம்பளித் துணியில் காய் வழுக்காது. தோலோ தோல் போன்ற விரிப்போ நடுவழி. பகடை பலகையின் வலது பாதியில் தட்டையாக விழ வேண்டும். காயின் மேல் ஏறி நின்றாலோ சாய்ந்து நின்றாலோ மறுபடி போட வேண்டும். ஆகவே குட்டிப் பலகை வாங்கினால் ஆட்டத்தில் பாதி நேரம் மறுபடி போடுவதிலேயே போகும். சோதனை இதுதான். ஒரு முக்கோணத்தின் மேல் ஐந்து காய்களை வரிசையாக வையுங்கள், எதிர்முக்கோணத்தில் ஐந்து. இரண்டு வரிசையும் முட்டிக்கொண்டால் அந்தப் பலகை வேண்டாம்.

பட்டியலில் இல்லாதவை

செக்கர்ஸை நான் போட்டியில் சேர்க்கவில்லை. 8-க்கு 8 ஆட்டத்துக்குச் சதுரங்கப் பலகையே போதும், கறுப்புக் கட்டங்களில் ஆளுக்கு 12 காய் அடுக்கினால் ஆயிற்று. இருவரும் பிழையில்லாமல் ஆடினால் சமன்தான் என்று 2007-இல் ஜோனதன் ஷாஃபர் குழுவினர் கணினியால் நிறுவிவிட்டார்கள். அதற்காக நாம் ஆடுவதில் சுவை குறையப்போவதில்லை. சீனச் சதுரங்கமும் ஜப்பானின் ஷோகியும் அற்புதமானவை. ஷோகியில் பிடித்த காயை நம் காயாகவே திரும்ப இறக்கலாம். காய்கள் எல்லாம் ஒரே நிறம், கூர்முனை யாரை நோக்கி இருக்கிறதோ அவர்தான் எதிராளி. ஆனால் இரண்டிலும் காய்களை எழுத்தைப் படித்துத்தான் அடையாளம் காண வேண்டும். அந்த எழுத்து பழகும்வரை பொறுமை உள்ளவர்களுக்கு அவை.

எதை வாங்குவது

ஊர் மாறினாலும் ஆள் கிடைக்க வேண்டும், புத்தகமும் பயிற்சியும் போட்டியும் வேண்டும் என்றால் சதுரங்கம். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே எதிராளி உங்களைவிட ரொம்ப வலுவானவராகவோ ரொம்ப வலுக்குறைந்தவராகவோ இருந்தால், சதுரங்கம் சில மாதங்களில் அலமாரிக்குப் போய்விடும். எப்போதும் தோற்பவர் உட்கார மறுப்பார், எப்போதும் ஜெயிப்பவருக்கு அலுத்துவிடும். அந்த ஜோடிக்குக் கோ. பெற்றோரும் பிள்ளையும், அண்ணனும் தங்கையும், வருடக்கணக்கில் ஆடும் ஒருவரும் நேற்று தொடங்கிய ஒருவரும் ஒரே பலகையில் நியாயமாக மோதிக்கொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இருவருக்கும் நேரம் குறைவு, வேலை முடிந்து வந்து அமைதியாக யோசிக்கவும் தெம்பில்லை, ஆனால் பேசிச் சிரித்துக்கொண்டு ஆட வேண்டும் என்றால் பேக்கேமன். அங்கே ஓர் ஆட்டம் போனால் அடுத்தது பத்து நிமிடத்தில். பகடைமேல் பழியைப் போட்டுவிட்டு மறுபடி அடுக்கலாம்.

எனக்கு ஒன்றுதான் அனுமதி என்றால் கோ ஆட்டத்தை எடுப்பேன், 9-க்கும் 13-க்கும் இரண்டு பக்கம் உள்ள பலகையை.

காசு கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அட்டையில் ஒன்பதுக்கு ஒன்பது கோடு போடுங்கள். இன்னொரு அட்டையில் 24 முக்கோணம் வரையுங்கள். இரண்டு நிறத்தில் பொத்தான்கள், இரண்டு பகடை. சதுரங்கத்தை யாரிடமாவது இரவல் வாங்கலாம். நீங்கள் யாரோடு ஆடப்போகிறீர்களோ அவரோடே மூன்றையும் பத்துப் பத்து ஆட்டம் ஆடுங்கள். பதினோராவது நாள் நீங்கள் எதையும் எடுக்காமல் இருந்து, அவர் எதை எடுத்து விரிக்கிறார் என்று பாருங்கள். அதை வாங்குங்கள். 19 கோட்டுக் கோவாக இருந்தால், மடியாததை.